இரண்டாவது முகச்சாட்சி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் தம்பி. எனக்குக் கால் நீட்ட இடம் இருந்தால் போதும். கிள்ளான் வரைக்குமா? நல்லது. நானும் கிள்ளான்தான். துறைமுகத்துப் பக்கம்.

சட்டையில் சந்தனம் ஒட்டியிருக்கிறதே என்று பார்க்கிறீர்களா? கல்யாணத்திலிருந்து வருகிறேன். இங்கே தைப்பிங்கில்தான், மாப்பிள்ளை ஊர். பெண் என் தங்கச்சி மகள். நான் தாய்மாமன். முகூர்த்தம் முடிந்த கையோடு தாய்மாமன் ஏன் தனியாக பஸ் ஏறுகிறான் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டாலும் தப்பில்லை. நானே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கிள்ளான் வரைக்கும் என்னால் உட்கார்ந்து வர முடியாது.

என் தங்கச்சி அஞ்சலை என்னோடு பேசி வருஷங்கள் ஆகின்றன. அவள் புருஷன் வீராசாமி செத்த நாளிலிருந்து பேசவில்லை. ஒரே ஊர், ஒரே சந்தை, ஒரே மாரியம்மன் கோயில். எதிரே வந்தால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுவாள். இன்றைக்கு மகள் கல்யாணம், இன்றைக்காவது பேசிவிடுவாள் என்றுதான் கிளம்பி வந்தேன். பேசினாளா என்றால், பேசினாள். அதுதான் கதையே.

முதலில் எங்கள் சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் என் தங்கச்சியின் கோபம் உங்களுக்குப் புரியாது. எனக்கே இன்னும் சரியாகப் புரியவில்லை, அது வேறு விஷயம்.

வெள்ளைக்காரன் காலத்தில் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் சேர்ந்து ஆரம்பித்த ஆயுள் காப்புறுதிச் சங்கம் அது. பிறகு ரயில்வேக்காரர்கள் சேர்ந்தார்கள், தோட்டத்து ஆட்கள் சேர்ந்தார்கள். அதற்கு முதலாளி என்று ஒருத்தன் கிடையாது. சந்தா கட்டுகிறவன் எவனோ அவன்தான் சொந்தக்காரன். லாபம் வந்தால் அது நம் பேரிலேயே போனஸாகச் சேரும். வெளியாளுக்கு அதில் ஒரு காசு போகாது. அந்தக் காலத்தில் கூலிக்காரனுக்கு எந்தக் கம்பெனி காப்புறுதி கொடுத்தது? "நீ நாளைக்கே செத்துப் போவாய்" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவான். அதனால் சாகிறவர்களே சேர்ந்து சங்கம் வைத்துக்கொண்டார்கள்.

அதில் முகச்சாட்சி என்று ஒரு வழக்கம். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் சங்கத்தைத் தவிர வேறு எங்கேயும் இருந்ததாக நானும் கேள்விப்பட்டதில்லை. கப்பலில் வந்து இறங்கியவனுக்கு என்ன பேர் இருந்தது? பேர் எழுதுகிற கிராணி காதில் என்ன விழுந்ததோ அதுதான் பேர். ஒரே துறையில் நாலு ராமசாமி. அப்பன் பேரும் ஒன்றாகவே இருக்கும். ஒரு ராமசாமி செத்தால் எந்த ராமசாமி என்று எந்தக் காகிதம் சொல்லும்? அதனால் ஒரு விதி. கிளையிலிருந்து இரண்டு உறுப்பினர்கள் சாவு வீட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொருத்தராகக் குனிந்து முகத்தைப் பார்க்க வேண்டும். பேரைச் சத்தமாகச் சொல்லி, "தெரியும்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். இரண்டு "தெரியும்" விழுந்துவிட்டால் பிணம் வாசலைத் தாண்டுவதற்குள் பணம் பெண்சாதி கையில் இருக்கும்.

போகப் போக அது பணத்துக்கான காரியமாக இல்லை தம்பி. சாவுச் சடங்கில் ஒன்றாகிவிட்டது. முகச்சாட்சி முடியாமல் பறை அடிக்கிறவன் குச்சியை எடுக்க மாட்டான். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு அந்த "தெரியும்" காதில் விழுந்தால்தான் அழுகையே வரும். அதுவரைக்கும் ஏதோ தப்பு நடந்திருக்கிறது, வேறு யாரோ படுத்திருக்கிறார்கள் என்பது போல விறைத்துப் போய் உட்கார்ந்திருப்பார்கள்.

துறைமுகக் கிளைக்கு முகச்சாட்சி நானும் ஆ கியோங்கும். ஆமாம், சீனன்தான். கிரேன் ஓட்டியவன். ரப்பர் தோட்டத்தில் பிறந்து நம் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்தவன். அவன் தமிழில் திட்ட ஆரம்பித்தால் நமக்கே புதுசாக ரெண்டு வார்த்தை கிடைக்கும். கிளையில் முகச்சாட்சிக்கு ஆள் எடுத்தபோது, "எல்லா மூஞ்சியும் ஒரே மாதிரிதானே லா இருக்கு, நான் எப்படிக் கண்டுபுடிக்கிறது?" என்றான். வீராசாமி விடவில்லை. "நாங்க இத்தன வருஷமா உங்க ஆளுங்களக் கண்டுபுடிக்கலையா? வாடா" என்று இழுத்துவந்து சேர்த்தான். கூட்டமே சிரித்தது.

வீராசாமி எனக்கு மச்சானாவதற்கு முன்னாலேயே கூட்டாளி. ஒரே கேங்கில் வேலை. என் தங்கச்சியைக் கட்டியதே என்னோடு சாப்பாடு சாப்பிட வசதியாக இருக்கும் என்றுதான் என்று சொல்வான். வாயாடி. சங்கத்தை ஒரு வார்த்தை யாராவது சொன்னால் சண்டைக்கு நிற்பான்.

பிறகு தலைமையகத்துக்குப் புதுச் செயலதிகாரி வந்தார். கோட்டுப் போட்டவர், நன்றாகப் பேசுவார். கிளை கிளையாக வந்து திரையில் படம் போட்டு விளக்கினார். உறுப்பினர் சங்கமாகவே இருந்தால் பெரிய கம்பெனிகளோடு நிற்க முடியாது. வெளியிலிருந்து முதலீடு வாங்க முடியாது. சட்டம் கெடுபிடியாகிறது. பங்குதாரர் கம்பெனியாக மாற்றிவிட வேண்டும். மாற்றினால் ஒவ்வோர் உறுப்பினருக்கும் பங்குகள் இலவசமாக வரும். "இனிமேல் நீங்கள் வெறும் உறுப்பினர்கள் அல்ல. நீங்களே உரிமையாளர்கள்" என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. மூட்டை தூக்கியவன் மகன் நான். உரிமையாளர் என்று என்னை யாரும் அதுவரைக்கும் சொன்னதில்லை.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீராசாமி வீட்டில்தான் இருந்தோம். கியோங்கும் இருந்தான். அஞ்சலை நண்டு சமைத்திருந்தாள்.

"இப்ப சங்கத்துக்கு யாருய்யா சொந்தக்காரன்?" என்றான் வீராசாமி.

"நாமதான்."

"மாத்துன பொறவு?"

"அப்பவும் நாமதான். கையில பங்கு இருக்கும்ல?"

"அப்ப எதுக்கு மாத்துறது? நம்ம வீட்டுச் சாவிய வாங்கிக்கிட்டு, இந்தா சாவின்னு திருப்பிக் குடுக்குறானா?"

"பங்க விக்கலாம் மச்சான். காசாக்கலாம்."

"அப்ப வாங்குறவன்தான சொந்தக்காரன்?"

கியோங் நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே, "நான் சீனன். எனக்கே இந்த வியாபாரம் புரியல லா" என்றான்.

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீ நல்லா கேட்டுக்கிட்டியா? அந்த மொகச்சாட்சியெல்லாம் இருக்குமா?" என்றாள்.

"இருக்காம எங்க போவுது?" என்றேன். யாரும் எடுப்பதாகச் சொல்லவில்லையே. சொன்னால்தானே தெரியும்? அந்த நேரத்துக்கு நான் சொன்னது சரிதான்.

பெரிய கூட்டம் கோலாலம்பூரில். எல்லோராலும் போக முடியாது. போக முடியாதவர்கள், தங்கள் சார்பில் வாக்களிக்க எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். துறைமுகத்தில் ஏறக்குறைய எல்லோருமே என்னிடம்தான் கொடுத்தார்கள். வீராசாமியும் கொடுத்தான். அத்தனை வாதம் பண்ணியவன் கடைசியில், "எனக்கு இது வேணாம் மணி. ஆனா நீ சொல்ற. உன்னைய நம்பித் தர்றேன், அந்தக் கோட்டுக்காரன நம்பி இல்ல" என்று சொல்லிக் கொடுத்தான். அவனாகத்தான் கொடுத்தான் தம்பி. நான் கையைப் பிடித்து வாங்கவில்லை. இதை நான் அஞ்சலையிடம் சொல்ல நினைத்து நினைத்து, சொல்ல முடியாமலே போய்விட்டது.

அத்தனை வாக்கையும் மாற்றுவதற்கே போட்டேன். மாறியது. பங்குகள் வந்தன. எல்லோரும் விற்றார்கள். ஒருத்தன் மோட்டார் வாங்கினான், ஒருத்தன் பெண்சாதியோடு காசிக்குப் போனான். வீராசாமி விற்று மகள் புவனாவை இங்கிலாந்துக்குத் தாதிப் படிப்புக்கு அனுப்பினான். விமான நிலையத்தில் என் தோளைத் தட்டி, "உன் கம்பெனி வாழ்க" என்றான். கேலிதான். ஆனாலும் பிள்ளை போனாளா இல்லையா? அதை யாரும் பேச மாட்டேன் என்கிறார்கள்.

நான் மட்டும் என் பங்கை விற்கவில்லை. வருஷா வருஷம் பங்குதாரர் கூட்டத்துக்குப் போவேன். பெரிய ஓட்டல், குளிர்சாதனம், சாப்பாடு. போகும்போது ஒரு பை தருவார்கள், குடை, துண்டு, சில வருஷம் தண்ணீர் புட்டி. இப்போது பெரும்பங்கு வைத்திருப்பது வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, பேர் வாயில் நுழையாது. மேடையில் பேசுகிறவர்கள் எனக்கு யாரென்று தெரியாது. ஆனால் வாசலில் என் பேரைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, "வெல்கம் சார்" என்பார்கள். உரிமையாளன் என்றால் உரிமையாளன்தானே.

முகச்சாட்சியை அவர்கள் எடுத்தது உண்மை. மாறிய கொஞ்ச நாளிலேயே சுற்றறிக்கை வந்தது. இறப்புச் சான்றிதழ், ஐசி என்கிற அடையாள அட்டை, வங்கிக் கணக்கு இருந்தால் போதும். பழைய சங்கத்துப் பொறுப்பாளர்கள் இறந்தவர் வீட்டில் எந்த உறுதியும் கூறக் கூடாது, கூறினால் கோரிக்கை விசாரணைக்குப் போகும், பணம் தாமதமாகும் என்று அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். சரியாகத்தான் போட்டிருந்தார்கள். காலம் மாறிவிட்டது. ஐசியில் படம் இருக்கிறது, கைநாட்டு இருக்கிறது. இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் சிரிப்பார்கள்.

கியோங் அதைப் படித்துவிட்டு என் முன்னாலேயே அதில் கச்சான் கடலைப் பொட்டலம் கட்டினான்.

பிறகு வீராசாமிக்கு நெஞ்சில் சளி. நுரையீரல் தொற்று என்றார்கள். கிள்ளான் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோன பிறகு அஞ்சலையைத் தவிர யாரையும் உள்ளே விடவில்லை. நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அஞ்சலை வெளியே வரும்போதெல்லாம், "கண்ணு தெறந்தா உன்னையத்தான் தேடுறாரு" என்பாள். எனக்கு அவனைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது. விடவில்லை, நான் என்ன செய்வேன்?

அவன் போய்விட்டான். புவனாவுக்குப் பரீட்சை, விமான டிக்கட் கிடைக்கவில்லை. அவள் வருகிற வரைக்கும் உடம்பு தாங்காது என்றார்கள். தாங்கவும் இல்லை. அன்றைக்கு மத்தியானமே எடுத்தார்கள்.

நான் போகவில்லை.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள் தம்பி. சொல்கிறேன். பழைய சங்கத்தில் நான் யார்? முகச்சாட்சி. கிளைத் தலைவர். செத்தவனுக்கு மச்சான் வேறு. கம்பெனியிலிருந்து மலர்வளையத்தோடு ஆள் வருவான், படம் எடுப்பான். நான் அங்கே நின்றால் ஊரே என்னைக் குனியச் சொல்லும். குனியாமல் நிற்க முடியுமா? குனிந்தால் உறுதி கூறியதாகிவிடும். கோரிக்கை விசாரணைக்குப் போகும். அஞ்சலைக்குப் பணம் நின்றுவிடும். வீட்டுக்குக் கடன் இருந்தது, மகள் படிப்புப் பாதியில் இருந்தது. நான் யோசித்தேன். நன்றாக யோசித்துத்தான் எதிர்ச்சாரியில் கோப்பிக் கடையில் உட்கார்ந்தேன். போகவில்லை என்று சொன்னேனே தவிர, தூரத்தில் இல்லை. ரோடு ஒன்றுதான் நடுவில். அழுகைச் சத்தம் எனக்குக் கேட்டது.

இல்லை, அழுகைச் சத்தம் கேட்கவில்லை. அதுதான். யாரும் அழவில்லை. பறையும் அடிக்கவில்லை. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனி ஆள் வந்தான். சின்ன வயசு. வளையத்தை வைத்தான், படம் எடுத்தான், போய்விட்டான். அதற்குப் பிறகு கியோங் ரோட்டைத் தாண்டி வந்தான். வேட்டி கட்டியிருந்தான், நம் வீட்டுச் சாவுக்கு அவன் அப்படித்தான் வருவான்.

"வா லா. நேரமாச்சு. ரெண்டு பேரு வேணும்."

"கியோங், நீ சுற்றறிக்கை படிக்கலையா?"

"படிச்சேன். இங்கிலீஸ்ல இருந்துச்சு. வீராசாமிக்கு இங்கிலீஸ் தெரியாது."

"விளையாடாத. நான் குனிஞ்சா அஞ்சலைக்குப் பணம் நின்னுடும்."

"பணம் பொறவு வரட்டும். ஆளு இப்பப் போறான்."

"நீயும் குனியாத, சொல்லிட்டேன்."

அவன் என் கோப்பியைப் பார்த்தான். அப்புறம் எனக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பார்த்தான். திரும்பிப் போய்விட்டான்.

பிறகு நடந்ததைக் கடைக்காரர்தான் போய்ப் பார்த்துவந்து சொன்னார். கியோங் குனிந்து, "வீராசாமி, முனியப்பன் மவன். தெரியும்" என்றானாம். பிறகு எல்லோரும் வாசலைப் பார்த்தார்களாம். நெடுநேரம் யாரும் அசையவில்லையாம். பிணவண்டிக்காரன் வந்து கேட்டும் அஞ்சலை கையைக் காட்டி இருக்கச் சொன்னாளாம். கடைசியில் அவளே எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து இரண்டாவது "தெரியும்" சொன்னாளாம். எங்கள் சங்கத்தில் ஒரு பெண் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சொந்தப் பெண்சாதி சாட்சி சொல்லவும் கூடாது, விதிப்படி செல்லாது. அதற்குப் பிறகுதான் பறை கேட்டது எனக்கு.

பணம் வந்ததா என்று கேளுங்கள். வந்தது. தாமதமே இல்லை, முழுசாக வந்தது. எனக்கே ஆச்சரியம். நான் ஓடினேன் அஞ்சலை வீட்டுக்கு. கேட்டில் நின்று, "பாத்தியா, நான் ஒதுங்கி நின்னதுக்குப் பலன்" என்றேன். நல்ல செய்திதானே? அவள் உள்ளேயிருந்து வந்தாள், கிரில் கேட்டைப் பூட்டினாள், உள்ளே போனாள். என்னை வெளியே வைத்துப் பூட்டியது அதுதான் முதல் தடவை.

எனக்குக் கோபம் வந்தது. வராதா? சண்டை போட்டிருந்தால்கூடச் சரி, நான் என் பக்கத்தைச் சொல்லியிருப்பேன். போனஸ் குறைந்துவிட்டது என்று நினைக்கிறாளா? நான் கமிஷன் வாங்கினேன் என்று யாராவது சொன்னார்களா? ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை தம்பி. கியோங்கிடம் கேட்டேன். "உனக்கு நெஜமாவே தெரியலையா?" என்றான். தெரிந்தால் ஏன் கேட்கிறேன்? அவனும் சொல்லவில்லை.

இப்படியே போயிற்று. போன மாதம் புவனா வீட்டுக்கு வந்தாள், பத்திரிகையோடு. படிப்பு முடித்து இங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். "மாமா, நீங்க இல்லாம மால யாரு எடுத்துக் குடுக்குறது? அம்மாவும் வரச் சொன்னாங்க" என்றாள். அம்மாவுமா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். அன்றைக்கு நான் தூங்கவில்லை. பட்டுச் சேலை, வேட்டி, மாலை, மோதிரம், தாய்மாமன் சீர் என்னென்ன உண்டோ அத்தனையும் வாங்கினேன். கடைக்காரி, "கூடப்பொறந்த தங்கச்சி ஒண்ணுதானா?" என்று கேட்டாள். ஒன்றுதான் என்றேன்.

இன்று காலையில் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் அஞ்சலை நின்றிருந்தாள். நரைத்துப் போயிருந்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போ என்று சொன்னாலும் சொல்லட்டும் என்று நின்றேன். அவள் தட்டைப் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள்.

"என்னண்ணே, செருப்பு இப்படி வாரு அந்து போய்க் கெடக்கு. ஒரு செருப்பு வாங்கிப் போடக் கூடாதா? கோப்பி குடிச்சியா நீ?"

தம்பி, அது போதும் எனக்கு. கோப்பி குடிச்சியா நீ. உள்ளே போய் யாரும் பார்க்காத இடமாகத் தூண் பக்கம் நின்று மூக்கைச் சிந்தினேன். கியோங் பெண்சாதியோடு வந்திருந்தான், வேட்டிதான். "பேசிட்டா லா" என்றேன். "கேட்டுச்சு. வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றான்.

தாய்மாமன் சடங்கெல்லாம் நானே செய்தேன். மாலை எடுத்துக் கொடுத்தேன். அஞ்சலை என் பக்கத்திலேயே நின்று சந்தனத்தை எடுத்துத் தந்தாள். மணவறைக்குப் பக்கத்தில் வீராசாமியின் படத்தை மாலை போட்டு வைத்திருந்தார்கள். துறைமுகத்தில் எடுத்த பழைய படம். அந்த மீசை. அவன் மீசையைத் தெரியாத ஆள் துறைமுகத்தில் கிடையாது, வேலைக்கு வருவதற்கு முன்னால் விளக்கெண்ணெய் தடவி முறுக்கிவிட்டுத்தான் வருவான். வாயைவிட மீசைதான் முதலில் பேசும்.

தாலி கட்டி முடிந்து பெண்ணும் மாப்பிள்ளையும் காலில் விழுந்து எழுந்தார்கள். புவனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"மாமா, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அப்பாவ நான் பாக்கல. அம்மா சொல்லியிருக்காங்க, நீங்களும் கியோங் அங்கிளுந்தான் மொகச்சாட்சி சொன்னீங்களாம். கியோங் அங்கிள் அவரு பாத்தத சொன்னாரு, அம்மாகிட்ட கேட்டா அழுதுடுறாங்க. நீங்க சொல்லுங்க மாமா. கடைசியா அப்பா எப்படி இருந்தாரு?"

அஞ்சலை அவளிடம் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள். நானும் நின்றேன் என்று. இத்தனை வருஷமாக என்னோடு பேசாதவள், மகளிடம் என்னை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறாள்.

கல்யாணப் பெண் கையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள். எதிரே அவன் படம். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? நான் பார்க்கவேயில்லை, எதிர்க்கடையில் கோப்பி குடித்தேன் என்றா சொல்ல முடியும்?

"தூங்குற மாதிரி இருந்தாரும்மா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். பிள்ளை இன்னும் என் வாயையே பார்த்தது. அதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாமே என்று, "அந்த மீசைய முறுக்கிவிட்டு, ராஜா மாதிரி படுத்திருந்தாரு. நான்தான் குனிஞ்சு பாத்தேன். அப்படியே இருந்தாரு" என்றேன்.

அவள் கை என் கையில் அப்படியே இருந்தது, ஆனால் பிடி விட்டுப்போயிற்று. தலையை ஆட்டினாள். "சரி மாமா" என்றாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அஞ்சலை எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். கையில் இருந்த சந்தனச் சிமிழை மூடினாள். "பந்தி போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றாள். காலையில் வாசலில் பேசியவள் அவள்தான் என்று நம்ப முடியாத குரல். பால்காரனிடம், மேசை வாடகைக்காரனிடம் பேசுவது மாதிரி. கோபம் இல்லை, ஒன்றும் இல்லை.

நான் சாப்பிட்டேன். என்ன தப்பு செய்தேன் என்று இலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். நல்ல வார்த்தைதானே சொன்னேன்? எந்தப் பிள்ளைக்கும் அப்பாவைப் பற்றி அப்படித்தானே சொல்வோம்? மறுபடி உள்ளே போய்ப் பார்த்தேன். அஞ்சலை மாப்பிள்ளை வீட்டாரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நான் நிற்கிற இடத்தில் தூண் நிற்பது மாதிரி தாண்டிப் போனாள்.

காடி நிறுத்துகிற இடத்துக்கு வந்தேன். கியோங்கும் அவன் பெண்சாதியும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் பெண்சாதியைக் காடியில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் வந்தான்.

"பொண்ணுகிட்ட என்ன லா சொன்ன?"

சொன்னேன். தூங்குகிற மாதிரி, ராஜா மாதிரி, மீசை முறுக்கி.

அவன் காடிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டான். அப்புறம் மெதுவாகச் சொன்னான், திட்டாமல். கியோங் திட்டாமல் பேசி நான் அதிகம் கேட்டதில்லை.

"மீசை இல்ல மணி. ஆஸ்பத்திரியிலேயே எடுத்துட்டாங்க. வாயில கொழா வெச்சுப் பிளாஸ்டர் ஒட்டணும், ஒட்ட முடியலன்னு செரைச்சுட்டாங்க. எனக்கே மொதல்ல ஆளு தெரியல. ரொம்பக் கிட்ட குனிஞ்சுதான் பாத்தேன். புவனாவுக்கு அது தெரியும். நான்தான் சொன்னேன். அப்பா மீசை இல்லாம சின்னப் பையன் மாதிரி இருந்தாருன்னு."

பிறகு, "வா, காடியில ஏறு. கிள்ளான்ல விட்டுடுறேன்" என்றான்.

பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வற்புறுத்தவில்லை.

அதிலிருந்து நானும் வீராசாமி முகத்தை மனசுக்குள் பார்த்துக்கொண்டே வருகிறேன் தம்பி. கூடவே வேலை செய்து, ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் நெற்றி தெரியும். கயிறு இழுத்துக் காய்த்துப் போன தோள் தெரியும். சிரித்தால் எந்தக் கண் முதலில் சுருங்கும் என்பதுகூடத் தெரியும். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைக்கிறேன். வைத்துவிட்டு மீசையை மட்டும் எடுத்துப் பார்க்கிறேன்.

எடுத்தவுடனே அங்கே வேறு யாரோ படுத்திருக்கிறார்கள்.